மூன்று முறை கழுவிய இரத்தம்

என் பிள்ளைகளுக்கு எமனாக இருந்தது என் இரத்தம்தான் என்பதை ஒரு முயலின் இரத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். இதைச் சொன்னபோது எங்கள் ஊர் குருவிநத்தத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் யாராவது எதையாவது கேட்டு என்னை அழ வைத்துவிடுகிறார்கள். ஐந்தாவது வரை படித்த படிப்பு சும்மாதான் கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு மூத்தவள் பெண். பாக்கியம் என்று பெயர். சளி இருமல்கூட அண்டாமல் வளர்ந்தவள். அவளுக்கு அடுத்து ஒரு பையன் பிறந்தான். பிறந்த அன்றே கண் மஞ்சளாக இருந்தது. மறுநாள் உடம்பெல்லாம் மஞ்சள். மூன்றாம் நாள் பால் குடிப்பதை நிறுத்தினான். முதுகைப் பின்பக்கமாக வளைத்துக்கொண்டு கீச்சென்ற குரலில் அழுதான். நாலாம் நாள் அவன் இல்லை. அதற்கடுத்தது பெண். உடம்பெல்லாம் நீர் கோத்து, ஊதிப்போய்ப் பிறந்தாள். ஒரு பகல் பொழுது இருந்தாள்.

எங்கள் வீட்டில், பெயர் வைப்பதற்கு முன்னால் போய்விட்ட குழந்தையை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. பொழுது சாய்வதற்குள் வாய்க்கால் ஓரமாகப் புதைத்துவிட்டு வந்து தலை முழுகுவார்கள். அதோடு பேச்சு முடிந்தது. அதிலும் தாய் மறுபடி பிள்ளை உண்டாகி முழுகாமல் இருந்தால், போனதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. எண்ணிச் சொன்னால் எமனுக்கு வழி ஞாபகம் வந்துவிடுமாம். எத்தனை பிள்ளை என்று யார் கேட்டாலும் ஒன்று என்று சொல்லிச் சொல்லி என் நாக்குக்குப் பழகிவிட்டது. விரல்களுக்குத்தான் பழகவில்லை. தனியாக உட்கார்ந்திருந்தால் அவை பாட்டுக்கு மூன்று எண்ணும்.

நான்காவது முறை முழுகாமல் இருந்தபோது, இந்தத் தடவை வீட்டில் பெற்றுக்கொள்ள மாட்டேன், பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்று அடம் பிடித்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம் சுதந்திரம் வந்து, எங்கள் பக்கத்தில் இன்னும் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த நேரம் அது. என் வீட்டுக்காரர் கரும்பு பயிரிடுபவர். அவர் பேரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, எழுதவும் கை வரவில்லை. எதற்கும் நாலு நாள் யோசிக்கிற மனிதர், இதற்கு மட்டும் உடனே சரி என்றார். அந்த இரண்டையும் புதைத்தது அவர் கைதான்.

துணைக்கு அவருடைய அக்கா காசாம்பு வந்தார். கணவர் இறந்தபின் எங்கள் வீட்டோடு இருப்பவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பாகூர் தாண்டி, அரியாங்குப்பம் ஆற்றுப் பாலம் வரும்வரை வண்டியில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தவர், பாலத்தின் மேல் ஏறியதும் என் பக்கம் திரும்பினார்.

"அங்க யாரு இன்னா கேட்டாலும் ரெண்டாவதுன்னு சொல்லு. போனத இழுக்காத. தெரிதா?"

"டாக்டர் கேட்டா அண்ணி?"

"டாக்டருக்கு இன்னாத்துக்கு அது? பொறக்கப்போறத பாக்கத்தான அவரு இருக்காரு. செத்ததுக்கா வைத்தியம் பண்ணப்போறாரு?"

அந்தப் பேச்சில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிக்கொண்ட கன்னியாஸ்திரி வெள்ளைக்காரப் பெண்மணி. தமிழை ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்துப் பேசினார்.

"இது உனக்கு எத்தனையாவது பிரசவம்?"

"ரெண்டாவது மதர்."

"முதல் பிள்ளை சுகமாக இருக்கிறதா?"

"நல்லா இருக்குது மதர்."

"அப்படியானால் பயம் இல்லை" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே எழுதினார். பொய் சொல்லிவிட்டோம் என்று எனக்குத் தோன்றவில்லை. கையில் காப்புக் கட்டிக்கொண்டது போல நிம்மதியாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வலி வர எட்டு நாள் ஆனது. உயரமான கூரை, பினாயில் வாசனை, வரிசையாக இரும்புக் கட்டில்கள். காலையில் ரொட்டி கொடுப்பார்கள். காசாம்பு அண்ணி அதை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, பஞ்சைத் தின்று யாராவது பிள்ளை பெறுவார்களா என்று கேட்டார். வராந்தா மூலையில் யாரிடமோ கெஞ்சி அடுப்புக்கு இடம் வாங்கி எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். மதியத்தில் என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, வீக்கம் வற்ற நீவி விடுவார். அவர் மேல் எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் அந்தக் கைகளும் சேர்ந்து ஞாபகம் வந்து தொலைக்கின்றன.

வெள்ளிக்கிழமை காலையில் பையன் பிறந்தான். நன்றாக அழுதான், நன்றாகக் குடித்தான். கொஞ்சம் வெளுப்பாக இருந்தான், அவ்வளவுதான். சாயங்காலம் ஜன்னல் வெளிச்சத்தில் துணியை விலக்கிப் பார்த்தேன். கண்ணின் வெள்ளையில் மஞ்சள் இறங்கியிருந்தது. தலையைத் தூக்கினேன். காசாம்பு அண்ணியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் துணியை இழுத்து மூடினார்.

மறுநாள் டாக்டர் வந்தார். இளவயதுக்காரர், பட்டணத்துத் தமிழர். பிரான்சில் படித்துவிட்டு அந்த வருஷம்தான் கப்பலில் திரும்பியிருந்தார். குழந்தையின் நெற்றியைக் கட்டை விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தது.

"மஞ்சள் மூணாம் நாள் வந்தா பரவாயில்ல. மொத நாளே வரக்கூடாது. இதுக்கு முந்தி உன் புள்ளைங்க யாருக்காவது இப்படி இருந்திச்சாம்மா?"

நான் காசாம்பு அண்ணியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"மூத்ததுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன்.

அது உண்மைதான். உண்மையை வைத்தே பொய் சொல்லும் அளவுக்கு நான் தேறியிருந்தேன்.

குதிகாலில் குத்தி எடுத்த இரத்தம் சோகையாக, நீர்த்துப்போய் இருந்தது. வெளியிலிருந்து இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். நின்ற நிலையில் சட்டைக் கையைச் சுருட்டினார்.

"அடுத்தவன் ரத்தம் எதுக்கு டாக்டர்? எம்புள்ளைக்கு எங்க ரத்தம்தான் ஏறணும். எவ்ளோ வேணும்னாலும் எடுங்க, குடுக்கறன்."

எங்கள் மூவருக்கும் ஒரே வகை இரத்தமாக இருந்தது. அவருடைய இரத்தத்தைக் குழந்தையின் இரத்தத்தோடு உப்புத் தண்ணீரில் சேர்த்துப் பார்த்தார்கள், ஒத்துப்போனது. கரும்புக் கட்டை ஒற்றை ஆளாய்த் தலையில் ஏற்றுகிற மனிதர், ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஆனால் இரத்தம் ஏறி முடிந்து குழந்தையின் உதடு சிவந்தபோது அவரைப் பார்க்க வேண்டுமே. வார்டில் கட்டில் கட்டிலாகப் போய், தன் இரத்தம்தான் உள்ளே ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஒரு சாயங்காலம்தான் நாங்கள் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சள் உள்ளங்கால் வரை இறங்கியிருந்தது. ஏற்றிய இரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. உதடு பழையபடி வெளுத்துவிட்டது. மார்பில் வைத்தேன், வாயைத் திறக்கவில்லை. மெல்ல முதுகு பின்னால் வளைந்தது. கீச்சென்று ஒரு அழுகை வந்தது.

அந்த அழுகையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். பெயர் வைக்காமல் போனவனின் அழுகை அது. டாக்டர் அடுத்த கட்டிலுக்கு வந்திருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"டாக்டர், இது ரெண்டாவது இல்ல. நாலாவது."

"தனம்" என்று காசாம்பு அண்ணி அதட்டினார்.

"நடுவுல ரெண்டு போச்சி டாக்டர். ஒண்ணு இதே மாதிரி மஞ்சளாயி போச்சி. இன்னொண்ணு ஊதிப்போயி பொறந்திச்சி."

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். எந்தக் குழந்தைக்கு எந்த நாளில் மஞ்சள் வந்தது, எப்போது பால் குடிப்பதை நிறுத்தியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "இத ஏம்மா அன்னிக்கே சொல்லல?" என்றார். எமனிடம் மறைப்பதாக நினைத்துக்கொண்டு டாக்டரிடம் மறைத்திருந்தோம்.

குழந்தை, நான், என் வீட்டுக்காரர், மூன்று பேரிடமும் டாக்டரே இரத்தம் எடுத்துக்கொண்டு போனார். வராந்தாக் கடைசியில் ஒரு சின்ன அறை இருந்தது. பிரான்சிலிருந்து அவர் ஒரு மருந்துச் சீசா கொண்டுவந்து, பனிக்கட்டியில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அதில் இருந்தது முயல் இரத்தத்தின் தெளிந்த நீர். கொஞ்சம்தான் இருந்தது என்பதால் கண்டவர்களுக்கும் அதை எடுக்க முடியாது. எடுக்க வேண்டிய ஆள் நான்தான் என்பது அவருக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நம் இரத்தத்தில் சிவப்பு அணுக்கள் ஒரு நீரில் மிதக்கின்றன. உடம்புக்கு அந்நியமான எதையாவது கண்டால் அந்த நீரில் ஒரு எதிர்ப்புப் பொருள் உண்டாகி, அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். அப்படி எதிர்ப்புப் பொருள் குழந்தையின் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்கும் தெரியாது, பூதக்கண்ணாடிக்கும் தெரியாது, முன்பு உப்புத் தண்ணீரில் சேர்த்துப் பார்த்ததிலும் தெரியாது. அதைக் காட்டிக் கொடுப்பதற்குத்தான் முயல். மனித இரத்தத்தின் நீரை முயலுக்கு ஊசியாகப் போட்டால், மனிதர்களின் எதிர்ப்புப் பொருளைப் பிடிக்கிற ஒன்று முயலின் உடம்பில் உண்டாகிவிடும். அந்த முயல் நீரில் ஒரு சொட்டு விட்டால், ஒட்டியிருக்கிற அணுக்களை எல்லாம் அது ஒன்றோடு ஒன்று கோத்துத் திரள வைத்துவிடும். ஒட்டியிருக்கவில்லை என்றால் ஒன்றும் நடக்காது.

ஆனால் அதற்கு முன் குழந்தையின் சிவப்பணுக்களை உப்புத் தண்ணீரில் மூன்று முறை கழுவ வேண்டும். சும்மா மிதக்கிற பொருள் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் முயல் நீர் அதோடு சேர்ந்து வீணாகிவிடும், சோதனை பொய் சொல்லிவிடும். கையால் சுற்றுகிற ஒரு யந்திரத்தில் குழாயை வைத்துச் சுற்றி, சிவப்பு அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவார். நான் அரிசி களைவதும் இப்படித்தான்.

டாக்டர் இரண்டு கண்ணாடிக் குழாய்களோடு திரும்பி வந்தார். ஒன்றில் பக்கத்து வார்டுக் குழந்தையின் இரத்தம். ஆட்டினால் குங்குமம் கரைத்த தண்ணீர் போல வழவழவென்று ஆடியது. இன்னொன்றில் என் பிள்ளையின் இரத்தம். அது திரிந்த பாலைப் போல் துணுக்குத் துணுக்காகப் பிரிந்து நின்றது.

"வகை ஒண்ணா இருந்தாலும், உன் வூட்டுக்காரர் ரத்தத்துல இருக்கிற ஒரு பொருள் உன் ரத்தத்துல இல்லம்மா" என்றார் டாக்டர். "புள்ளைங்க அப்பன் ரத்தத்தக் கொண்டு பொறந்திருக்குதுங்க. மூத்தது பொறக்கும்போது அவ ரத்தம் கொஞ்சம் உன் உடம்புல கலந்திருக்கு. அதுலருந்து உன் உடம்பு அதை விரோதியா நெனச்சிடுச்சி. அதுக்கப்புறம் வயித்துல வந்த ஒவ்வொண்ணோட சிவப்பணுவையும் புடிச்சி ஒடைக்குது. ஒடைஞ்ச ரத்தம்தான் மஞ்சளா மாறுது."

என் வீட்டுக்காரர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் குடுத்த ரத்தம்?"

"அதையும்தான் விடல. அதுலயும் அதே பொருள் இருக்குல்ல."

"அப்ப நானே மஞ்சள ஏத்திட்டனா டாக்டர்?"

"எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா உங்க ரத்தத்த எடுத்திருக்க மாட்டன்" என்றார் டாக்டர். அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அது யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. என் வீட்டுக்காரர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இனி ஏற்ற வேண்டிய இரத்தம் என்னுடையது என்றார் டாக்டர். காசாம்பு அண்ணிக்குத் தாங்கவில்லை.

"அவ ரத்தம்தான் கெட்டதுன்னீங்க, இப்ப அதையே எடுக்கறன்றீங்களே. பெத்து மூணு நாளுதான ஆவுது அவளுக்கு?"

"கெடுதல் பண்றது அந்தத் தண்ணிம்மா. சிவப்பு நல்ல சிவப்பு. விரோதியா நெனைக்கிற பொருள் அதுல இல்ல, அதனால அத யாரும் ஒடைக்க மாட்டாங்க. தண்ணிய கழுவிட்டுக் குடுத்தா, இப்போதைக்கு இங்க இவனுக்கு ஒத்துக்கற ரத்தம் இவ ரத்தம் ஒண்ணுதான்."

நான் கையை நீட்டினேன். எவ்வளவு எடுத்தார்கள் என்று தெரியாது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. படுத்துக்கொண்டே அந்த அறையில் யந்திரம் சுற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தும்போதெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். இன்னும் நாலு முறை கழுவினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. பிள்ளையின் தொப்புள் வழியாகக் கெட்ட இரத்தத்தைக் கொஞ்சம் எடுப்பதும், கழுவிய என் இரத்தத்தைக் கொஞ்சம் விடுவதுமாக அன்று பகல் முழுவதும் டாக்டர் நின்ற இடத்திலேயே நின்றார்.

இந்த முறை ஏற்றிய இரத்தம் நின்றது. ஒரு வாரத்தில் மஞ்சள் காலிலிருந்து மேலே மேலே வடிந்து போனது. அந்த வாரம் முழுவதும் அவனுக்குச் சப்பத் தெரியவில்லை. காசாம்பு அண்ணி என் பாலைப் பீய்ச்சி, பாலாடைச் சங்கில் எடுத்து, ஒவ்வொரு சொட்டாகக் கடைவாயில் விட்டார். ஒரு சொட்டு இறங்கியதா என்று தொண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த சொட்டு விடுவார். ஒருநாள் அப்படி ஊட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கும் ரெண்டு போச்சிடி. இது வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

நான் அழுதேன். அவர் அழவில்லை, பாலாடையில் கண்ணாகவே இருந்தார். அன்றிலிருந்து என்னால் அவரை முழுதாகத் திட்ட முடியவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று டாக்டர் என்னையும் என் வீட்டுக்காரரையும் தனியாகக் கூப்பிட்டார். உயிருக்குப் பயமில்லை, ஆனால் அந்த மஞ்சள் மூளை வரைக்கும் போயிருக்கலாம், கழுத்து நிற்கிறதா, காது கேட்கிறதா என்பதெல்லாம் போகப் போகத்தான் தெரியும் என்றார்.

"நான் மொத நாளே சொல்லியிருந்தா?" என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "பொறக்கறதுக்கு முந்தியே உன் ரத்தத்த சோதிச்சிருப்பன். பொறந்த அன்னிக்கே மாத்தியிருப்பன். நல்லா இருந்திருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது" என்றார். அந்த "இருந்திருக்கலாம்" என்ற ஒரு வார்த்தையோடுதான் நான் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவள் யாராவது முழுகாமல் இருந்தால் அவளுக்கு ஒன்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் போனதையும் சேர்த்து எண்ணிச் சொல். என்ன நிறமாக இருந்தது, எத்தனை நாள் இருந்தது, எல்லாவற்றையும் சொல். கூட வந்தவர்கள் காலை மிதித்தால் மிதிக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, குப்பன் என்று பெயர் வைத்தார்கள். குப்பை என்று நினைத்து எமன் திரும்பிப் பார்க்க மாட்டானாம். நான் தடுக்கவில்லை. ஆறு மாதமாகியும் அவனுக்குக் கழுத்து நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. தூக்கியே வைத்திருந்தால் எப்படி நிற்கும், சோம்பேறிப் பயல், அத்தை செல்லம் என்பார். கழனியிலிருந்து வந்ததும் அவனை மடியில் போட்டுக்கொண்டு கரும்பு விலை முதற்கொண்டு எல்லாவற்றையும் அவனிடம் பேசுவார். அவன் அவர் வாயைப் பார்த்துச் சிரிப்பான். பாத்தியா, புரிஞ்சிக்கிறான் என்று என்னிடம் சொல்வார்.

பத்தாம் மாதத்தில் பாகூர்க் கோயில் திருவிழாவுக்குப் போனோம். தேர் கிளம்புவதற்கு முன் அதிர்வேட்டுப் போட்டார்கள். காலடியில் மண் குலுங்கியது. சுற்றியிருந்த கைக்குழந்தைகள் எல்லாம் வீறிட்டு அழுதன. குப்பன் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். இன்னொன்று போட்டார்கள். அவன் இமைகூட அசையவில்லை.

பக்கத்தில் நின்ற ஒருத்தி அழுகிற தன் பிள்ளையைத் தட்டிக்கொண்டே, "அந்தப் புள்ளைய பாரு, இன்னா தைரியம்" என்றாள்.

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். குளத்துப் படியில் உட்கார்ந்து குப்பனை மடியில் கிடத்தினார். அவன் காதோரம் இரண்டு கையையும் கொண்டுபோய்த் தட்டினார். கொஞ்சம் பொறுத்து அடுத்த காதின் பக்கம் தட்டினார். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கை, சத்தம் படிக்கட்டில் எதிரொலித்தது. பிள்ளை நிம்மதியாகத் தூங்கினான். படியில் இறங்கிப் போனவர்கள், அப்பன் பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுகிறான் என்று சிரித்துக்கொண்டே போனார்கள்.

"போதும், எழுந்திருங்க" என்றேன்.

"இரு. சத்தம் பத்தல."

அவர் கையைப் பிடித்து நிறுத்தத்தான் நினைத்தேன். அதற்கு எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்னும் ஒரு தரம் பாக்கறன் என்று சொல்லி, அவர் மறுபடியும் கையை உயர்த்தினார்.